கால்நடைகளுக்கு நிலையான அடையாளம்: காதுவில்லையும் மைக்ரோசிப்பும்

தாம்பரத்தைச் சுற்றியுள்ள முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை, அகரம்தென், வேங்கைவாசல் போன்ற ஊர்களில் இன்றும் இரண்டு மூன்று கறவை மாடுகளை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல உள்ளன. மேய்ச்சல் நிலங்கள் மனைகளாகிவிட்டன. ஏரிக்கரையும், கட்டடம் எழும்பாத காலி மனையுமே இப்போது மேய்ச்சல் தரை. காலையில் பால் கறந்து அவிழ்த்துவிட்ட மாடு மாலையில் தானே கொட்டகைக்குத் திரும்பிவிடும் என்பது பழைய காலத்து நடைமுறை. இன்றோ அந்த மாடு ஜி.எஸ்.டி. சாலையில் அடிபடலாம், மாநகராட்சி வண்டியில் ஏற்றப்படலாம், இரவோடு இரவாக வேறு ஒருவருடைய வண்டியிலும் ஏற்றப்படலாம். இம்மூன்றில் எது நேர்ந்தாலும் உரிமையாளரிடம் முதலில் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: "இது உங்கள் மாடுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி?"

"நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருக்கும், இடது கொம்பு சற்று உள்ளே வளைந்திருக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும்" என்று நாம் சொல்வோம். அத்தனையும் உண்மையே. ஆனால் காவல் நிலையத்திலும் காப்பீட்டு அலுவலகத்திலும் இவை செல்லுபடியாவதில்லை. செவலை நிற ஜெர்சி கலப்பினப் பசுக்கள் நூறு நின்றால் அவற்றுள் முப்பதுக்காவது நெற்றிச் சுட்டி இருக்கும். ஆகவே ஒரு மாட்டுக்கு ஓர் எண் என்ற ஏற்பாடு தேவைப்படுகிறது. அந்த எண் அழியாமல் இருக்க வேண்டும். அதோடு, அந்த எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். இவ்விரண்டில் முன்னதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். பின்னதில்தான் விவசாயிகள் பெரும்பாலும் ஏமாந்து போகிறார்கள்.

சூட்டுக்கோல் முதல் மூக்குரேகை வரை

கால்நடைகளுக்கு அடையாளமிடுவது நமக்குப் புதிதன்று. சூட்டுக்கோலால் தொடையில் குறியிடுவதும், காது நுனியை வெட்டி அடையாளம் செய்வதும் தொன்றுதொட்டு வரும் பழக்கங்கள். சூடு போட்ட தழும்பு மாட்டின் ஆயுள் வரை நிற்கும், அதில் ஐயமில்லை. ஆனால் தோலின் மதிப்பு கெட்டுவிடும். புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்கும். மாடு படும் வேதனையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதோடு, சூட்டுக்குறி ஊரையோ குடும்பத்தையோ காட்டுமே தவிர ஒவ்வொரு மாட்டையும் தனித்தனியாகக் காட்டாது.

சூட்டுக்குப் பதில் கடும் குளிரைப் பயன்படுத்தும் முறையும் உண்டு. சினை ஊசிக்கான விந்துக் குச்சிகளை வைத்திருக்கும் திரவ நைட்ரஜனின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ். இதில் தோய்த்த உலோக அச்சை மயிர் மழித்த தோலில் சில விநாடிகள் அழுத்தினால், மயிருக்கு நிறம் தரும் அணுக்கள் செயலிழந்துவிடுகின்றன. பிறகு அவ்விடத்தில் மயிர் வெள்ளையாகவே முளைக்கும். கறுப்பு, செவலை நிற மாடுகளில் எண் தெளிவாகத் தெரியும். வெள்ளை மாட்டில் அவ்வளவு தெளிவாக இராது. பண்ணைகளுக்கும் குதிரைகளுக்கும் ஏற்ற முறை இது. இரண்டு மாடு வைத்திருப்பவர் இதை நாட வேண்டியதில்லை.

மாட்டின் மூக்கு நுனியில் உள்ள மேடு பள்ளங்கள் நம் கைரேகையைப் போன்றே ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. 1920-களிலேயே அமெரிக்காவில் பால் மாடுகளை அடையாளம் காண, மூக்கில் மை தடவிக் காகிதத்தில் பதிவு எடுத்தார்கள். அதே கருத்து இப்போது கைப்பேசி வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. சில காப்பீட்டு நிறுவனங்கள் மூக்கைப் படம் பிடித்துக் கணினியில் ஒப்பிடும் முறையைக் கையாள்கின்றன. கழற்ற முடியாத, தொலைக்க முடியாத அடையாளம் என்பது இதன் சிறப்பு. ஆனால் ஈர மூக்கை ஆட்டிக்கொண்டே இருக்கும் மாட்டிடம் தெளிவான படம் எடுப்பது எத்தனை சிரமம் என்பது எடுத்துப் பார்த்தவர்களுக்கே தெரியும்.

மஞ்சள் காதுவில்லை

இன்று நம் மாடுகளின் காதில் தொங்கும் மஞ்சள் நிற வில்லையில் 12 இலக்க எண்ணும், கருவியால் படிக்கக்கூடிய கோட்டுக் குறியும் அச்சிடப்பட்டிருக்கும். இந்த எண் நாடு முழுவதும் ஒரு மாட்டுக்கு மட்டுமே உரியது. நம் ஆதார் எண்ணைப் போன்றது என்பதால் இதைப் 'பசு ஆதார்' என்று சொல்லும் வழக்கமும் வந்துவிட்டது. 2019 செப்டம்பரில் தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்ட பிறகு இது பரவலாயிற்று. கோமாரி நோய்த் தடுப்பூசியை 6 மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்குக் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசியை ஆயுளில் ஒருமுறை போட வேண்டும். எந்த மாட்டுக்கு எப்போது போடப்பட்டது என்பதை எண் இல்லாமல் கணக்கு வைக்க இயலாது. இப்போது இந்த விவரங்கள் 'பாரத் பசுதன்' என்னும் கணினிப் பதிவேட்டில் ஏற்றப்படுகின்றன. மாட்டின் இனம், வயது, சினை ஊசி, தடுப்பூசி, சிகிச்சை ஆகியவற்றோடு உரிமையாளரின் பெயரும் கைப்பேசி எண்ணும் அதில் இடம்பெறும்.

"காதைத் துளைத்தால் பால் குறையும்" என்று முகாம்களில் சிலர் தயங்குவது உண்டு. அன்று ஒரு வேளை மாடு மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் இழப்பு எதுவும் இல்லை. உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. வில்லையைக் காதின் நடுப்பகுதியில், குருத்தெலும்பின் இரண்டு மேடுகளுக்கு இடையே, இரத்தக் குழாய்களைத் தவிர்த்துப் பொருத்த வேண்டும். ஓரத்தில் பொருத்தினால் முள்வேலியிலும் தீவனத் தொட்டியிலும் மாட்டிக் காது கிழியும், வில்லையும் போகும். தலைக்கு மிக அருகில் பொருத்தினால் காது வீங்கும். கன்றுகளுக்குப் போடும்போது காது வளர இடம் இருக்க வேண்டும். பொருத்தும் இடுக்கியை ஒவ்வொரு மாட்டுக்கும் கிருமிநாசினியில் துடைத்துப் பயன்படுத்தச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. மாட்டை நன்றாகப் பிடித்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. பாதியில் தலையை உதறினால் ஓட்டை பெரிதாகிவிடும்.

பொருத்திய பின் பத்து நாட்களுக்குத் தினமும் காதைப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் ஈக்கள் அதிகம். துளையில் சீழ் கட்டினாலோ, துர்நாற்றம் வந்தாலோ, மாடு காதை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருந்தாலோ புழு வைத்திருக்கக் கூடும். போவிடோன் அயோடின் கரைசலால் துடைத்து, சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவுவது ஈயை விரட்டும். புழு இருப்பது தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே நலம். புண்ணுக்குப் பயந்து வில்லையை நீங்களே வெட்டி எடுத்துவிடக் கூடாது. இவ்வகை வில்லை ஒருமுறைதான் பூட்டும். கழற்றினால் திரும்பப் பூட்ட முடியாது.

மாடு கைமாறும்போது

தாம்பரம் பக்கத்து விவசாயிகள் கறவை மாடு வாங்க வேலூரை அடுத்த பொய்கைச் சந்தைக்குச் செல்வது வழக்கம். சிலர் ஆந்திரத்து எல்லை வரையிலும் போவார்கள். பல்லைப் பார்க்கிறோம், மடியைத் தொட்டுப் பார்க்கிறோம், பால் நரம்பைப் பார்க்கிறோம், சுழியைக்கூடப் பார்க்கிறோம். காதில் உள்ள எண்ணை எத்தனை பேர் பார்க்கிறோம்?

அந்த மாட்டின் காதில் ஏற்கெனவே மஞ்சள் வில்லை இருக்கும். பணத்தைக் கொடுத்து மாட்டை ஓட்டி வந்துவிடலாம். ஆனால் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே விற்றவரின் பெயரும் அவருடைய கைப்பேசி எண்ணுமே இருக்கும். நீங்கள் சினை ஊசி போடச் சென்றால் மாடு வேறு ஒருவர் பெயரில் காட்டும். மாடு காணாமற்போய் எங்கோ கிடைத்தால் தகவல் அவருக்குத்தான் போகும். அவர் அந்தக் கைப்பேசி எண்ணை எப்போதோ மாற்றியிருக்கலாம். அல்லது அவரும் ஒரு தரகரிடம் விற்று, தரகர் உங்களிடம் விற்றிருக்கலாம். எனவே மாடு வாங்கிய வாரத்திலேயே உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்துக்குச் சென்று, எண்ணைக் கொடுத்து, உரிமையாளர் பெயரை மாற்றச் சொல்ல வேண்டும். விற்றவரிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டிலாவது, எண்ணைக் குறிப்பிட்டு விற்பனை ரசீது எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. விற்பவருக்கும் இதில் நன்மை உண்டு. பெயர் மாறாதவரை, அந்த மாடு சாலையில் விபத்து ஏற்படுத்தினால் கேள்வி பழைய உரிமையாளரையே தேடி வரும்.

வில்லை இல்லாத மாட்டை, "புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்லி மலிவாக விற்க வந்தால் காதை உற்றுப் பாருங்கள். துளையோ, கிழிந்த தழும்போ இருந்தால், அந்த மாட்டுக்கு முன்பு ஓர் எண் இருந்தது என்று பொருள். அந்த எண் ஏன் போயிற்று என்பதற்கு விற்பவர் திருப்தியான பதில் சொல்ல வேண்டும்.

வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை

மாட்டுக் காப்பீட்டில் இந்த விதி எழுதப்பட்டிருக்கும். பிரீமியம் கட்டும்போது யாரும் அதைப் படிப்பதில்லை. மாடு இறந்த பிறகே படிக்கிறோம்.

காப்பீடு செய்யப்படுவது 'உங்கள் மாடு' அன்று. பாலிசியில் குறிக்கப்பட்ட எண்ணைக் காதில் உடைய மாடு. அரசு மானியக் காப்பீட்டில் இப்போது பெரும்பாலும் அந்த 12 இலக்க எண்ணையே குறிக்கிறார்கள். மாடு இறந்தால் வில்லை காதில் இருக்கும் நிலையில் படம் எடுக்கச் சொல்வார்கள். மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்றிதழில் அதே எண் இருக்க வேண்டும். வில்லையையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். இடையில் வில்லை விழுந்துவிட்டு, அதை நீங்கள் தெரிவிக்காமல் இருந்திருந்தால், செத்த மாடு எந்த மாடு என்று நிறுவனம் கேட்கும். எழுபதாயிரம் ரூபாய் மாடு போய், இழப்பீடும் வராமல், வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இப்படித்தான் உண்டாகின்றன. நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு பாலிசியை வைத்துக்கொண்டு, செத்த வேறு மாட்டைக் காட்டிப் பணம் கேட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். சிலர் செய்த தவறுக்கு எல்லோரும் அத்தாட்சி காட்ட வேண்டியிருக்கிறது.

வில்லை தொலைந்தால் செய்ய வேண்டியது இதுதான். தொலைந்தது தெரிந்த அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கோ முகவருக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கைப்பேசிச் செய்தியும் எழுத்து மூலமான தகவலே. அதை அழிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். உடனே கால்நடை மருந்தகத்தில் புது வில்லை போட்டு, பழைய எண்ணுக்குப் பதில் இந்த எண் என்று கணினிப் பதிவேட்டில் மாற்றச் சொல்ல வேண்டும். பிறகு புது எண்ணைப் பாலிசியில் சேர்த்துத் தரும்படி நிறுவனத்திடம் கேட்டு, சேர்த்த தாளை வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்தகத்தில் மாற்றிவிட்டோமே என்று இருந்துவிடக் கூடாது. மருந்தகத்தின் பதிவேடு வேறு, காப்பீட்டு நிறுவனத்தின் பதிவேடு வேறு.

தேசிய கால்நடைத் திட்டத்தின்கீழ் காப்பீட்டுப் பிரீமியத்தில் விவசாயியின் பங்கு 15 சதவீதம் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசு குறைத்தது. மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. அதற்கு முன்பு பல இடங்களில் இதைவிடக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. இத்தனை மலிவாகக் கிடைக்கும் பாதுகாப்பை ஒரு மஞ்சள் வில்லையைக் கவனியாததால் இழப்பது வருந்தத்தக்கது.

மைக்ரோசிப் என்பது என்ன?

காதுவில்லையின் குறை அது வெளியே தொங்குவதுதான். முள்ளில் மாட்டும், அறுந்து விழும். திருடன் கையில் கத்தி இருந்தால் ஒரு நிமிடத்தில் போய்விடும். இதற்கு மாற்றாக வந்ததே தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்.

அது ஓர் அரிசி மணி அளவே இருக்கும். சுமார் 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிப்பு. உடலோடு ஒத்துப்போகும் கண்ணாடிக் குப்பிக்குள் மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும், ஓர் எண்ணை மட்டும் நினைவில் வைத்திருக்கும் சிறு மின்னணுச் சில்லும் இருக்கும். பேட்டரி கிடையாது. படிக்கும் கருவியை அருகில் கொண்டுசென்றால், அதிலிருந்து வரும் வானொலி அலை சுருளில் சிறிது மின்சாரத்தை உண்டாக்குகிறது. அந்த மின்சாரத்தால் சில்லு விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது; கருவியை எடுத்ததும் மீண்டும் உறங்கிவிடுகிறது. பேட்டரி இல்லாததால் தீர்ந்துபோக எதுவும் இல்லை. விலங்கின் ஆயுள் முழுவதும் வேலை செய்யும்.

எண் 15 இலக்கம் கொண்டது. உலகத் தர நிர்ணய அமைப்பின் 11784, 11785 ஆகிய தர எண்கள் இதற்கு உரியவை. அலைவரிசை 134.2 கிலோஹெர்ட்ஸ். முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையோ தயாரிப்பாளரையோ குறிக்கும். இந்தியாவின் எண் 356. 9 என்று தொடங்கும் எண் தயாரிப்பாளருடையது. 999 என்று தொடங்கினால் அது சோதனைக்கான சிப். அதை வீட்டு விலங்குக்குப் போடக் கூடாது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சிப் போட்ட விலங்கு எங்கே இருக்கிறது என்று சிப் காட்டாது. கருவியை ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டுபோனால்தான் அது வாய் திறக்கும். "சிப் போட்டுவிட்டேன், கைப்பேசியில் பார்த்தால் மாடு இருக்குமிடம் தெரியும்" என்று எண்ணுவது தவறு. இருப்பிடம் காட்டும் கழுத்துப் பட்டை வேறு. அதற்குப் பேட்டரி வேண்டும், கைப்பேசிக்குரிய சிம் கார்டு வேண்டும், அடிக்கடி மின்னேற்றமும் வேண்டும்.

மாட்டுக்குச் சிப் போடலாமா?

நம் நாட்டிலேயே இது செய்து பார்க்கப்பட்டது. இஃப்கோ டோக்கியோ காப்பீட்டு நிறுவனம் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், காப்பீடு செய்த மாடுகளுக்குக் காதின் பின்புறம் தோலுக்கடியில் சிப்பைச் செலுத்தும் முறையைச் சோதித்தது. வில்லையை மாற்றிப் பொய்க் கோரிக்கை செய்வதைத் தடுப்பது அதன் நோக்கம். தோலுக்குள் இருப்பதை எளிதில் மாற்ற முடியாது என்பது உண்மையே. ஆனால் சிப்பைப் படிக்க ஒவ்வோர் ஊரிலும் கருவி வேண்டும். மஞ்சள் வில்லையைப் படிக்கக் கண் இருந்தால் போதும்; பக்கத்து ஊர்க்காரர்கூடப் படித்துத் தொலைபேசியில் சொல்லிவிடுவார்.

இறைச்சிக்காக வளர்க்கும் விலங்குகளில் கண்ணாடிக் குப்பி தசைக்குள் நகர்ந்துவிட்டால் ஆபத்து. இதனால் வெளிநாடுகளில் ஆடு மாடுகளுக்கு ஊசிச் சிப்பைவிட, வில்லைக்குள்ளேயே சிப் பதித்த மின்னணுக் காதுவில்லையை விரும்புகிறார்கள். சிப்பைப் பீங்கான் உருளைக்குள் வைத்து விழுங்கச் செய்து, இரைப்பையின் இரண்டாம் அறையில் தங்க வைக்கும் முறையும் அங்கே உண்டு. ஐரோப்பிய நாடுகளில் 2010 முதல் செம்மறி, வெள்ளாடுகளுக்கு மின்னணு அடையாளம் கட்டாயமாயிற்று. நம் கோயில் யானைகளுக்கும், வண்டலூரில் உள்ளது போன்ற உயிரியல் பூங்காக்களின் விலங்குகளுக்கும் சிப் பொருத்தமானது. யானையின் காதில் வில்லை தொங்கவிட முடியாதல்லவா?

என் கருத்தில், இரண்டு மூன்று மாடு வைத்திருக்கும் விவசாயி இப்போதைக்கு மஞ்சள் வில்லையை ஒழுங்காகப் பராமரித்தாலே போதுமானது. சிப்பும் போடச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் கேட்டால் போட்டுக்கொள்ளலாம், தீங்கு இல்லை. அப்போதும் வில்லையை விட்டுவிடக் கூடாது.

காவல் நாய்க்குச் சிப்

மாட்டுக்கு வில்லை என்றால் நாய்க்குச் சிப்பே சரி. கொட்டகையைக் காக்கும் நாய்க்குக் கழுத்துப் பட்டை போடுகிறோம், அது கழன்றுவிடும். காதில் வில்லை போட்டால் காலால் பிறாண்டியே கழற்றிவிடும். தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்தபின் காதில் சிறிது வெட்டி அடையாளமிடும் முறை உண்டு. அது கருத்தடை ஆயிற்று என்பதை மட்டும் காட்டும், உரிமையாளரைக் காட்டாது.

பெருநகர சென்னை மாநகராட்சி 2025-ஆம் ஆண்டில் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, உரிமமில்லாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என அறிவித்ததோடு, மைக்ரோசிப் பொருத்தும் பணியையும் மேற்கொண்டது. நம் பக்கத்தில் மீனம்பாக்கம், பெருங்குடி, சோழிங்கநல்லூர் பகுதிகள் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தவை. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகியவை 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தவை. அதற்கப்பால் உள்ள பல ஊர்கள் இன்னும் ஊராட்சிகள். ஆகவே அண்டை வீட்டார் சொன்னதைக் கேட்டு அலையாமல், உங்கள் வீட்டு வரி ரசீதில் எந்த அலுவலகம் என்று பார்த்து அங்கேயே விசாரித்துக்கொள்வது நலம்.

நாய்க்குச் சிப்பை இரு தோள்பட்டைகளுக்கும் நடுவில், முதுகுத் தோலைத் தூக்கிப் பிடித்து ஊசியால் செலுத்துவார்கள். சாதாரணத் தடுப்பூசியின் ஊசியைவிட இது தடிமனானது. ஒரு நொடி வலிக்கும். மயக்க மருந்து தேவையில்லை. செலுத்துமுன் ஏற்கெனவே சிப் இருக்கிறதா என்று கருவியால் உடல் முழுவதும் தடவிப் பார்க்க வேண்டும். செலுத்தியபின் எண் சரியாகப் படிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நாளடைவில் சில நாய்களில் சிப் தோளுக்கோ முன்னங்காலின் பக்கமோ இறங்கிவிடுவது உண்டு. தொலைந்த நாயைச் சோதிக்கும்போது முதுகில் மட்டும் கருவியைக் காட்டிவிட்டு "சிப் இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். சிப்பால் புற்றுக்கட்டி வருமா என்றும் கேட்கிறார்கள். ஆய்வுக்கூட எலிகளில் அவ்வாறு பதிவாகியிருக்கிறது. நாய்களில் மிக அரிது; வெறிநோய்த் தடுப்பூசியே போடாமல் நாய் வளர்ப்பதில் உள்ள ஆபத்தோடு ஒப்பிட்டால் அது பொருட்படுத்தத் தக்கதன்று.

வெறிநோய்த் தடுப்பூசியைப் பற்றிச் சொல்லும்போது வரிசையையும் கவனிக்க வேண்டும். முதலில் சிப், அதன் பிறகு தடுப்பூசி, சான்றிதழில் சிப் எண் என்பதே சரியான வரிசை. நாயை ஐரோப்பிய நாடுகளுக்குக் கொண்டு செல்பவர்களிடம் அங்குள்ள அதிகாரிகள் இதைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். சிப்புக்கு முன் போட்ட ஊசியை அவர்கள் ஏற்பதில்லை. நம் விவசாயிகள் நாயோடு விமானம் ஏறப் போவதில்லை என்பது வேறு. ஆனால் நாய் யாரையாவது கடித்துவிட்டால், "இந்த நாய்க்குத்தான் ஊசி போட்டேன்" என்று நிரூபிக்க, சிப் எண் உள்ள சான்றிதழ் கைகொடுக்கும். கடிபட்டவருக்கு அதனால் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ, தெரிந்தவர் மூலமோ நாய்க்குட்டி வாங்குவோர் சிப் எண்ணைக் கேட்க வேண்டும். இருந்தால், அது எந்தப் பதிவேட்டில், யார் பெயரில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். இங்கேதான் நாய்ச் சிப்பின் பெரிய குறை இருக்கிறது. மாட்டுக்கு இருப்பதைப்போல நாடு முழுவதற்குமான ஒரே பதிவேடு நாய்க்கு இல்லை. மாநகராட்சி ஒன்று வைத்திருக்கும். இன நாய்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் ஒன்று வைத்திருக்கும். சிப் விற்கும் நிறுவனம் ஒன்று வைத்திருக்கும். கருவி 15 இலக்கத்தைக் காட்டியபின் அது யாருடைய நாய் என்று எங்கே தேடுவது என்பது தெரிந்திருந்தால்தான் பயன். சிப்பைப் போட்டுவிட்டு எந்தப் பதிவேட்டிலும் பெயரைச் சேர்க்காத நாய்க்குள் இருப்பது வெறும் கண்ணாடி அரிசி. இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் முதல் நாய்க்குச் சிப் கட்டாயம். அங்கே சிப் போட்டதோடு உரிமையாளரின் கடமை முடிவதில்லை. வீடு மாறினாலும் தொலைபேசி எண் மாறினாலும் பதிவேட்டில் திருத்த வேண்டும்; தவறினால் 500 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். நாம் பின்பற்றத் தக்க விதி இது என்றே சொல்வேன்.

மழைக்கு முன்

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின என்பதை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் ஏறும்போது கட்டுத்தறியில் கட்டிய மாடு நின்ற இடத்திலேயே செத்துப்போகும். தும்பை அவிழ்த்துவிட்டால் மேட்டைத் தேடி நீந்திப் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அவிழ்த்துவிட மனம் வர வேண்டுமானால், அது எந்த ஊரில் கரையேறினாலும் யாருடையது என்று தெரியும் என்ற நம்பிக்கை வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன்பாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த வேலையை முடித்துவிடலாம். மாட்டின் காதுவில்லையைச் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். எண் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். எண் தெரியும்படி காதையும், நெற்றியும் கொம்பும் தெரியும்படி முகத்தையும், மாட்டின் இரு பக்கங்களையும் படம் எடுத்து, மகனோ மகளோ வெளியூரில் இருந்தால் அவர்கள் கைப்பேசிக்கும் அனுப்பிவையுங்கள். கைப்பேசி நீரில் போனாலும் படம் போகாது. 12 இலக்கத்தையும் பால் சங்கப் புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதிவையுங்கள். பிறகு அந்த எண்ணோடு மருந்தகத்துக்குச் சென்று, பதிவேட்டில் உள்ள கைப்பேசி எண் இப்போது நீங்கள் பயன்படுத்துவதுதானா என்று கேளுங்கள். பலருக்கு அது இரண்டு மூன்று சிம் கார்டுகளுக்கு முந்திய எண்ணாக இருக்கும்.

மாடு காணாமற்போனால் அன்றே காவல் நிலையத்தில் 12 இலக்க எண்ணைக் குறிப்பிட்டுப் புகார் கொடுத்து, ரசீது பெற வேண்டும். மாநகராட்சி பிடித்துக்கொண்டு போயிருக்கலாம் என்றால் கொண்டித்தொழுவுக்கு, அதாவது பவுண்டுக்கு, எண்ணும் படமும் எடுத்துக்கொண்டு உடனே போக வேண்டும். அபராதமும் தீவனச் செலவும் நாளுக்கு நாள் ஏறும். பல நாட்கள் யாரும் கேட்டு வராத மாட்டை ஏலம் விடவோ, கோசாலைக்கு அனுப்பவோ நேரிடும்.

வில்லை பொருத்துதல், பெயர் மாற்றம், தொலைந்த வில்லைக்கு மாற்று ஆகியவற்றுக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகலாம். வீட்டுக்கு வந்து சிகிச்சை தரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். கால்நடை வளர்ப்பில் பயிற்சியும் ஆலோசனையும் வேண்டுவோர், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குச் செல்லலாம். பொத்தேரி ரயில் நிலையத்தில் இறங்கினால் பக்கம். போகும்போது மாட்டின் எண்ணை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.